டிராகன் அங்கிக்காரி

டிராகன் அங்கி உடுத்திய கணிகையின் இந்தப் படத்துக்கு மூலப்பிரதி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், கெய்சாய் எய்சென் என்ற ஓவியர் மெல்லிய தாளில் மை தொட்டு வரைந்தது அது. செதுக்குபவர் அந்தத் தாளை வாங்கி, செர்ரி மரப் பலகையில் பசை தடவி, வரைந்த பக்கம் கீழே போகும்படி ஒட்டினார். தாளின் முதுகை விரலால் தேய்த்துத் தேய்த்து, உள்ளே இருக்கும் கோடு மேலே தெரிகிற அளவுக்கு மெலிதாக்கினார். பிறகு கோட்டின் இரண்டு ஓரத்திலும் கத்தியை இறக்கினார். வேலை முடிந்தபோது பலகையில் கோடு மட்டும் புடைத்து நின்றது. தாள் மரச்சிம்புகளோடு சிம்பாகத் தரையில் கிடந்தது. உதமாரோ, ஹொக்குசாய் போன்ற பெரும் ஓவியர்கள் வரைந்தாலும் இதே கதிதான். ஓவியர் கைப்பட வரைந்த தாளைப் பட்டறைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிடுவார்கள்.

செதுக்கும் பட்டறையில் வேலைக்குப் படிநிலை உண்டு. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு உடையின் பூவேலை, திரைச்சீலை மடிப்பு. கொஞ்சம் தேறியவனுக்குக் கையும் காலும். முகமும் தலைமுடியும் மூத்தவருக்கு மட்டும். கணிகைப் படம் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தெரிகிற ஒவ்வொரு இழையும் மரத்தில் இரு பக்கமும் சீவி எடுத்துவிட்டு நடுவில் விட்டுவைத்த மேடு. கை ஒரு முறை தடுமாறினால் பலகையே வீண். எய்சென் நெற்றியோர முடியை ஏதோ ஒப்புக்குக் கோடு காட்டிவிட்டுப் போயிருப்பார். இழை இழையாக அதைப் பிரிப்பது செதுக்குபவரின் பொறுப்பு. படத்தில் கையெழுத்தோ எய்செனுடையது.

கறுப்புக்கோட்டுப் பலகை தயாரானதும் நிறத்துக்கு ஒன்றாக மற்ற பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு மூலையில் மடக்காக ஒரு வெட்டு, அடியோரத்தில் நேராக ஒரு வெட்டு இருக்கும். ஈரப்படுத்திய தாளின் விளிம்பை இந்த இரண்டு வெட்டிலும் முட்டவைத்துப் படியவிட்டால் சிவப்பு சிவப்பின் இடத்திலும் பச்சை பச்சையின் இடத்திலும் பிசகாமல் உட்காரும். அச்சடிப்பவர் மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானை எடுத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கித் தாளின் முதுகில் தேய்ப்பார். அச்சு இயந்திரம் கிடையாது. 1765 வாக்கில் ஓவியர் ஹருநோபுவின் காலத்தில் கைகூடிய இந்தப் பலவண்ண முறை, எய்சென் தொழிலுக்கு வந்தபோது எடோவில் எல்லாப் பட்டறைக்கும் அத்துப்படியாகியிருந்தது.

படத்தில் இருப்பவள் ஒரு ஒய்ரான். எடோவின் கணிகையர் வட்டாரமான யோஷிவாராவில் உயர்ந்த படியில் இருப்பவள். மேகமும் டிராகனும் போட்ட கனத்த மேலங்கி தரையில் புரள நிற்கிறாள். கூந்தலில் இரண்டு பக்கமும் ஊசிகள். ஒபி என்ற இடைக்கச்சையை மற்றப் பெண்கள் முதுகில் முடிவார்கள். ஒய்ரான் முன்னால் முடிவாள். எய்செனின் பெண்களுக்கென்று ஒரு நிற்கும் விதம் உண்டு: முதுகு சற்றே கூன, கழுத்து முன்னால் நீள, தாடை கொஞ்சம் தூக்கலாக. உதமாரோவின் பெண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நளினக் குறைவாகத் தோன்றும். எனக்கு இந்தக் கூன்தான் நம்பும்படி இருக்கிறது. அவ்வளவு துணியைச் சுமந்து நிற்கிறவள் வேறு எப்படி நிற்பாள்?

படம் ஒற்றைத் தாள் அல்ல. இரண்டு பெரிய தாள்களை மேலும் கீழுமாக ஒட்டி ஓர் ஆள் நிற்க இடம் செய்திருக்கிறார்கள். மேட்டுக்குடி வீட்டு மாடத்தில் பட்டுச் சட்டமிட்ட தொங்கும் ஓவியம் இருக்கும். அதற்கு வசதியில்லாத கடைச்சிப்பந்தியும் கைத்தொழில்காரரும் இந்த நீள அச்சை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். சாதாரண ஒற்றைத் தாள் அச்சு அந்தக் காலத்தில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்குக் கிடைத்தது. நம் ஊர்ச் சுவர்களில் சிவகாசி காலண்டர் இருந்த இடத்தில் எடோவில் இது இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுத்தார்கள்? நிறைய அடித்தார்கள் என்பது பாதிப் பதில். மீதிப் பாதி விளம்பரம். 1770களில் கொரியூசாய் வரைந்த ஒரு நெடுந்தொடர், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், ஒவ்வொன்றிலும் இன்ன விடுதியின் இன்னாள் என்று பெயரோடு ஒய்ரான்களைக் காட்டி, அந்தப் பருவத்தின் புதுத் துணி மாதிரிகளையும் சேர்த்துக் காட்டியது. விடுதிக்கு ஆள் வரும், துணிக்கடைக்கும் ஆள் வரும். பதிப்பாளர் செலவில் ஒரு பங்கை விளம்பரம் தேடுகிறவர்கள் ஏற்பதும் உண்டு. உதமாரோவை வளர்த்த பதிப்பாளர் த்சுதயா ஜூசாபுரோ யோஷிவாராவிலேயே பிறந்தவர்; அதன் பெருவாயில் அருகே கடை போட்டு, எந்த விடுதியில் யார் இருக்கிறார்கள் என்ற கையேட்டை விற்றுத்தான் தலையெடுத்தார். எய்சென் காலத்தில் இது இன்னும் வெளிப்படை. அவருடைய பல அழகியர் படங்களில் ஒரு முகப்பூச்சு மாவின் பொட்டலம் எங்காவது ஓர் ஓரத்தில் கிடக்கும், பெயர் நன்றாகத் தெரியும்படி. பியென் சென்ஜோகோ என்பது அந்த மாவின் பெயர். சினிமாவில் நாயகன் குடிக்கிற குளிர்பானத்தின் பெயர் கேமராவைப் பார்த்து நிற்குமே, அந்த வேலையை எடோக்காரர்கள் அப்போதே பழகிவிட்டார்கள்.

அந்த நாளில் உதட்டுக்கும் ஒரு மோகம் இருந்தது. குசும்பப்பூச் சாயத்தைக் கீழுதட்டில் அடுக்கடுக்காகத் தடவினால் சிவப்பு மாறி வண்டின் முதுகைப் போலப் பச்சையாக மின்னும். விலை அதிகம். வசதியில்லாத பெண்கள் அடியில் கொஞ்சம் மையைப் பூசி அதன்மேல் மெலிதாகச் சாயம் தடவிச் சமாளித்தார்கள். எய்செனின் அழகியர் பலருக்குக் கீழுதடு பச்சை. ஐரோப்பியர்கள் இதை அச்சுப்பிழை என்று எண்ணியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எய்செனுக்கு இந்த உலகம் வேடிக்கை பார்த்துத் தெரிந்தது அல்ல. 1790இல் ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதிலேயே பெற்றோர் போக, பிழைப்புக்காகப் படம் வரையவும் நாடகம் எழுதவும் வந்தவர். 1833இல் எழுதிய குறிப்புகளில் தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வதில் மறைப்பு இல்லை: பெருங்குடிகாரன், நிலையில்லாதவன், நெஸு வட்டாரத்தில் விடுதி நடத்தியவன், அதுவும் தீயில் போனது. நெஸு, அரசு உரிமம் இல்லாத விடுதிகள் இருந்த இடம். கணிகையரை வரைந்தவர்கள் எத்தனையோ பேர். தானே விடுதி முதலாளியாக இருந்து வாடகையும் கடனும் கணக்கெழுதியவர்கள் குறைவு. டிராகன் அங்கிக்காரியைப் பார்க்கும்போது இதை மறக்காமல் இருப்பது நல்லது.

அவளுடைய ஊரான யோஷிவாரா 1618இல் திறந்தது. 1657இல் எடோவைச் சாம்பலாக்கிய பெருந்தீக்குப் பிறகு நகருக்கு வெளியே அசாகுசாவுக்கு வடக்கே இடம் மாறியது. சுற்றிலும் அகழி. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே பெருவாயில். ஆண்கள் வரலாம், போகலாம். பெண்கள் தாண்ட முடியாது. ஏழு, எட்டு வயதில் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒப்படைத்த சிறுமி மூத்த கணிகைக்கு ஏவல் செய்தபடி வளர்வாள். பிறகு ஏறக்குறைய பத்தாண்டு ஒப்பந்தம். முன்பணம் அவள் பேரில் கடன். படுக்கை, கூந்தல் ஊசி, தன் கீழுள்ள சிறுமிகளின் உடை, உணவு எல்லாம் அவள் கணக்கிலேயே ஏறும். படிநிலை உயர உயரக் கடனும் உயரும். எய்சென் அவ்வளவு ஆசையாக மேகமும் செதிலுமாக வரைந்த அந்த மேலங்கி இருக்கிறதே, அப்படி ஓர் அங்கியை உடுத்தினவள் அதன் விலையை எத்தனையோ இரவுகளில் அடைத்தாக வேண்டும். பருவம் மாறினால் புது அங்கி, மறுபடி கடன். இடையில் நோய் வந்து இறந்தவர்களில் கேட்பாரற்றவர்களைப் பக்கத்தில் மினோவாவிலுள்ள ஜோகன்-ஜி கோயிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தக் கோயிலை ஊரார் அழைத்த பட்டப்பெயரே ‘எறியும் கோயில்’. அங்கே புதைந்தவர்கள் 25,000 பேர் வரை என்று சொல்லப்படுகிறது.

அவர்கள் பேசினார்களா? பேசினார்கள், ஒரு முறை நன்றாகவே கேட்கும்படி. 1849இல் உமெமோதோயா என்ற விடுதியில் 16 பெண்கள் சேர்ந்து தீ வைத்தார்கள். எரித்துவிட்டு ஓடவில்லை, நேரே அதிகாரியிடம் போய் நின்றார்கள். அழுகின உணவும் அடியும் சித்திரவதையும் தாங்காமல் செய்தோம் என்றார்கள். அவர்களில் சிலர் எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகள் விசாரணையில் சேர்ந்தன. தீ வைத்தால் உயிரோடு எரிப்பதுதான் எடோ வழக்கம். இந்த வழக்கில் அப்படி நடக்கவில்லை. முதன்மையாக இருந்த நான்கு பெண்களைத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். விடுதி முதலாளியையும் அதே போல் தீவுக்கு அனுப்பினார்கள். எய்சென் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. முன்னாள் விடுதி முதலாளியான அவர் இதைக் கேள்விப்பட்டிருந்தால் தூரிகையை எடுத்திருப்பாரா, குடிக்கப் போயிருப்பாரா என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. எடுத்திருந்தாலும் அந்தப் படத்தை விற்கப் பதிப்பாளர் கிடைத்திருக்க மாட்டார்.

ஏனென்றால் அதற்குள் சட்டம் வேறாகிவிட்டது. 1842இல் ஜப்பானை ஆண்ட ஷோகன் அரசு சிக்கனமும் ஒழுக்கமும் பேசி, கணிகையர் படத்தையும் நடிகர் படத்தையும் அடியோடு தடை செய்தது. நிறங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, விலைக்கும் வரம்பு. யோஷிவாராவை மூடவில்லை; அதன் படத்தைத்தான் தடுத்தது. எய்சென் எழுத்துப் பக்கம் ஒதுங்கி 1848இல் காலமானார். தடை பின்னாளில் தளர்ந்தது.

டிராகன் அங்கிக்காரி கடல் தாண்டிய கதைக்கு வருவோம். ஜப்பானிய அச்சுகள் ஐரோப்பாவுக்குப் பீங்கான் பொதிந்த கழிவுத்தாளாகத்தான் போய்ச் சேர்ந்தன என்று ஒரு கதையை எல்லோரும் சொல்வார்கள். யாரோ ஓர் ஓவியர் பெட்டியைப் பிரித்தாராம், கசங்கிய தாளில் ஹொக்குசாய் சிரித்தாராம். நல்ல கதைதான். ஓரிரு பெட்டியில் அப்படி நடந்தும் இருக்கலாம். ஆனால் லட்சக்கணக்கான அச்சுகள் கசங்கிய தாளாகப் போய்ச் சேரவில்லை. அடுக்கிக் கட்டி, விலைச்சீட்டு எழுதி, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே ஜப்பான் கடை விரித்துவிட்டது. அங்கே தேநீர்க்கூடத்தில் எடோவிலிருந்து வந்த மூன்று கெய்ஷாக்கள் உட்கார்ந்து கூட்டத்துக்குக் காட்சியளித்தார்கள்.

இந்த வணிகத்தின் பெரும்புள்ளி ஹயாஷி ததமாசா. 1853இல் தகாவோகாவில் மருத்துவர் வீட்டில் பிறந்து, டோக்கியோவில் பிரெஞ்சு படித்து, 1878 கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராகப் பாரிஸ் வந்தவர். கண்காட்சி முடிந்தும் திரும்பவில்லை. கடை போட்டார். கறாரான ஆள், கையில் பட்ட நல்ல அச்சின் ஓரத்தில் தன் சிறிய முத்திரையைக் குத்தி விற்றார், இன்றும் ஏலக்கூடங்களில் அந்த முத்திரைக்கு மதிப்பு. 1890 முதல் 1901 வரையிலான பதினோரு ஆண்டுகளில் அவர் கைவழியாக ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அச்சுகள் ஐரோப்பாவுக்கு வந்தன. பிரெஞ்சு எழுத்தாளர் எட்மோன் தெ கோன்கூர் 1891இல் உதமாரோவைப் பற்றி நூல் எழுதியபோது ஜப்பானிய மூலங்களைப் படித்துச் சொன்னவரும் இவரே. ஜப்பானில் பின்னாளில் சிலர் இவரை நாட்டுச் சொத்தை விற்றவர் என்று திட்டினார்கள். எடோவில் நூடுல்ஸ் விலைக்கு விற்றபோது யாரும் அதைச் சொத்து என்று எண்ணவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1886 மே மாதம் ‘பாரி இல்யுஸ்த்ரே’ என்ற வண்ண இதழ் ஜப்பான் சிறப்பிதழ் வெளியிட்டது. உள்ளே கட்டுரை ஹயாஷி எழுதியது. அட்டையில் எய்செனின் ஒய்ரான். அங்கேதான் அவளுக்கு ஒன்று நேர்ந்தது: இடம் வலமாகப் புரண்டுவிட்டாள். எடோவில் தாளை முகங்குப்புற ஒட்டிச் செதுக்கியது அச்சில் நேராக வரவேண்டும் என்பதற்காக. பாரிஸில் பிரதியெடுத்தபோது யாரும் அந்தக் கணக்குப் பார்க்கவில்லை, படம் கண்ணாடியில் தெரிவது போல அட்டையில் விழுந்தது. பக்கத்திலிருந்த ஜப்பானியருக்குத் தெரிந்திருக்கும். இதழ் வாங்கியவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினால் என்ன?

வாங்கியவர்களில் ஒருவர் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் பாரிஸ் வந்திருந்தார். வின்சென்ட் வான்கோவுக்கு அப்போது 33 வயது. மோன்மார்த்ரில் லெபிக் தெருவில் தம்பி தியோவோடு குடியிருந்தார். ஜப்பானிய அச்சுகள் அவருக்குப் புதிதல்ல, அதற்கு முன்பே ஆன்ட்வெர்ப்பில் அறைச் சுவரில் குத்தி வைத்திருந்தார். பாரிஸில் அது வெறியாயிற்று. சிக்ஃப்ரீட் பிங் என்ற வணிகரின் கடை மாடியில் கட்டுக் கட்டாகக் கிடந்த அச்சுகளை மணிக்கணக்கில் கிளறிக்கொண்டிருப்பார். 1886-87 குளிர்காலத்தில் அண்ணனும் தம்பியுமாக ஏறக்குறைய 660 அச்சுகள் வாங்கினார்கள். ஒன்று 3 சூ என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் கணக்குச் சொல்கிறார். அதாவது 15 சென்டிம், ஒரு பிராங்கில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த விலைக்குக் காரணம் உண்டு. கோன்கூர் மாதிரி ரசனைக்காரர்கள் தேடியது பதினெட்டாம் நூற்றாண்டு உதமாரோக்களை. அதற்குப் பின்வந்த குனிசாதா, எய்சென் எல்லாம் சீரழிந்த காலத்துச் சரக்கு என்பது அன்றைய மேற்கத்திய அறிஞர் தீர்ப்பு. கறுப்பு அதிகம், நிறம் கடுமை, பெண்கள் கூன். மாடியில் மலிவாகக் கிடந்தது அந்தச் சரக்குதான். பணமில்லாத ஓவியருக்குச் சிக்கியதும் அதுதான். விமர்சகர்கள் குறையென்று சொன்ன கடும்நிறத்தையும் தடித்த கோட்டையும் வான்கோ வாரி எடுத்துக்கொண்டார். அறிஞர்கள் எய்செனை மதித்து விலையேற்றியிருந்தால் கலை வரலாற்றில் ஒரு பக்கம் வேறு மாதிரிப் போயிருக்கும்.

நிறத்தைச் சொல்லும்போது ஒன்று. 1820களின் இறுதியில் எடோவில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய ஐரோப்பியச் சரக்கான பிரஷ்ய நீலத்தை அச்சில் முதலில் எடுத்தாண்டவர்களில் எய்சென் ஒருவர். முழுக்க நீலத்திலேயே படங்கள் செய்திருக்கிறார். பாரிஸ் மக்கள் வாய்பிளந்து பார்த்த ‘ஜப்பானிய நீலம்’ பெர்லினில் கண்டுபிடித்தது.

1887இல் வான்கோ தன் அச்சுகளை விற்றுப் பார்க்கலாம் என்று கிளிஷி சாலையில் ‘தாம்பூரின்’ (தம்பட்டம்) என்ற காபிக் கடையில் கண்காட்சி வைத்தார். கடைக்காரி அகொஸ்தினா செகதோரி, ஓவியர்களுக்கு மாடலாக இருந்த இத்தாலியப் பெண். கடை மேசைகூடத் தம்பட்ட வடிவம். அவளை அந்தக் கடையிலேயே உட்காரவைத்து வான்கோ வரைந்த படத்தில், பின்சுவரில் ஜப்பானியப் பெண் ஒருத்தி மங்கலாகத் தெரிவாள். விற்பனை ஓடவில்லை. கடையும் அதே ஆண்டு நொடித்தது. அச்சு வணிகராக வான்கோ தோற்றதால் அந்த அச்சுகள் அவரிடமே தங்கின. ஐந்நூறுக்கும் மேல் இன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து இருப்பதற்கு அந்தத் தோல்வியே காரணம்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் மூன்று ஜப்பானியப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் மறுபடி வரைந்தார். இரண்டு, ஹிரோஷிகே என்ற எடோ ஓவியருடையவை. மூன்றாவது டிராகன் அங்கிக்காரி. வீட்டில் அறுநூற்றுச் சொச்சம் அசல் அச்சுகள் இருக்க, இவர் எடுத்துக்கொண்டது பத்திரிகை அட்டையை. அட்டையின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்துப் பென்சிலாலும் மையாலும் உருவத்தைப் படியெடுத்தார். அதன் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத் திரையில் பெரிய கட்டங்கள் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அவளை வளர்த்தார். சினிமா பேனர் எழுதியவர்கள் கையாண்ட அதே முறை. எய்செனின் கைத்தாள் மரத்தூளாகப் போயிற்று என்றேனே, வான்கோவின் படியெடுத்த தாள் பிழைத்துவிட்டது. கட்டக்கோடுகளோடு இன்றும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது.

வளர்ந்தவள் வேறொருத்தி. மரக்கட்டை அச்சில் நிறம் தாளுக்குள் ஊறித் தட்டையாக இருக்கும். இங்கே சாயம் திரைமேல் மேடு தட்டி நிற்கிறது. அங்கியில் பச்சையும் சிவப்பும் நீலமும் ஒன்றை ஒன்று முட்டுகின்றன, டிராகன் தூரிகைத் தடிப்பில் நெளிகிறது. அவளுக்குப் பின்னால் கனிந்த மஞ்சள். அதோடு நிறுத்தவில்லை. அவளைச் சட்டத்துக்குள் சட்டமாக நிறுத்தி, சுற்றிலும் ஒரு குளத்தையே வைத்தார்: மூங்கில், அல்லி, தொலைவில் ஒரு படகு, ஓரத்தில் நாரைகள், கீழே தவளை. நாரையும் தவளையும் வேறு ஜப்பானிய அச்சுகளிலிருந்து எடுத்தவை. அந்த இரண்டையும் ஏன் தேர்ந்தார் என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் காரணம் பாரிஸ் தெருப்பேச்சு. நாரைக்கும் தவளைக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களை அன்று விலைமகளிருக்கும் சொன்னார்கள். அப்படியென்றால் அட்டையில் நிற்பவள் யார் என்று வான்கோவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அழகிய ஜப்பானியச் சீமாட்டி என்று பாரிஸ் வரவேற்பறைகள் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவள் தொழிலை வெளிப்படையாக ஓரத்தில் எழுதி வைத்தவர் அவர். அதைப் பரிவு என்பதா, மோன்மார்த்ர் குறும்பு என்பதா? கடிதங்கள் முழுக்கத் தெரு மகளிரைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படித்திருப்பதால் நான் பரிவின் பக்கம் சாய்வேன். ஆனாலும் தவளை தவளைதான். அதில் சிரிப்பும் இருக்கிறது.

1890இல் வின்சென்ட் போனார். 1891 ஜனவரியில் தியோவும் போனார். விற்காத ஓவியங்களும் அச்சுக் கட்டுகளும் தியோவின் மனைவி ஜோவிடம் வந்தன, அவரிடமிருந்து மகனிடம். 1962இல் குடும்பம் அனைத்தையும் ஓர் அறக்கட்டளையில் சேர்த்தது. 1973இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் திறந்தது. அங்கே அவளுக்குப் பெயர் ‘கணிகை (எய்செனைப் பின்பற்றி)’. ஜப்பானில் எஞ்சிய மரக்கட்டை அச்சுப் பிரதி ஒன்று சிபா நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது, ‘மேக டிராகன் மேலங்கி ஒய்ரான்’ என்ற பெயரில். ஒரு பெயரில் ஓவியர் உண்டு, மற்றதில் அங்கி உண்டு. அவள் பெயர் இல்லை. கொரியூசாய் காலத்து விளம்பரத்திலாவது பெயர் போட்டார்கள்.

யோஷிவாராவைப் பொறுத்தவரை, 1872இல் ஷோகனுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு கணிகையரின் கடனை ரத்து செய்து விடுவிப்பதாக ஆணையிட்டது. விடுதிகள் ‘அறை வாடகைக்கு விடும் இடம்’ என்று பலகையை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தன. சட்டப்படி அது முடிந்தது 1958இல்தான். 2024இல் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகக் கலைக்கூடம் யோஷிவாரா பற்றிப் பெரிய கண்காட்சி அறிவித்தபோது, திறக்கும் முன்பே எதிர்ப்பு கிளம்பியது. பட்டும் படமும் காட்டி, கடனையும் அகழியையும் மறைக்கிறீர்களா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் படங்களை எடுத்து மூடிவிடுவது 1842இன் வழி. நெற்றியோர முடியைச் செதுக்கிய கைக்காகவும் அங்கியின் கடனுக்காகவும் அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும், இரண்டையும் ஒரே சமயத்தில்.

2017இல் வான்கோவும் ஜப்பானும் என்ற கண்காட்சிக்காக ஆம்ஸ்டர்டாம் ஓவியம் ஜப்பான் வந்தது. சப்போரோவில் தொடங்கி, அக்டோபரில் டோக்கியோ உவேனோ பூங்காவிலுள்ள பெருநகரக் கலைக்கூடத்துக்கு. அங்கிருந்து மேற்கே நடந்தால் நெஸு, எய்செனின் விடுதி எரிந்த வட்டாரம். வடகிழக்கே யோஷிவாரா இருந்த இடமும் தொலைவில்லை. கண்காட்சிக்கு ஆள் திரட்ட ஒரு சுவரொட்டி வேண்டியிருந்தது. சூரியகாந்தியோ காதில் கட்டுப்போட்ட முகமோ அதில் வரவில்லை. டிராகன் அங்கிக்காரியைப் போட்டார்கள். புத்தாண்டு வரை டோக்கியோவில் இருந்துவிட்டு, ஜனவரியில் அவள் கியோத்தோவுக்குப் போனாள். பிறகு ஆம்ஸ்டர்டாம்.